அக்குளில் ஒரு முடிச்சு

எனக்கு வயசு எழுபத்தி மூணு. பெத்தது நாலு, வளத்தது ஆறு. மிச்சம் ரெண்டும் என் நாத்தனார் பிள்ளைகள். அதுகளும் என்னை அம்மான்னுதான் கூப்பிடும். இந்த ஆறு பேரில் ஒருத்தர்கூட என்னை அந்தக் கோலத்தில் பாத்ததில்லை. பாத்தவங்க யாருன்னா, சென்னைக்குத் தெக்கால ஒரு மீன்பிடிக்கிற ஊரில், கடக்கரை மணலில் நின்ன ஊர் பேர் தெரியாத பத்துப் பன்னெண்டு பேர்.

என்னைவிட ரெண்டு பங்கு நீளமா ஒரு பலகை. அதுமேல நான் குப்புறப் படுத்திருக்கேன். சேலையை இழுத்துச் செருகி, ஜாக்கெட்டுக்குப் பதிலா உடம்போட ஒட்டிப் பிடிக்கிற நீலச் சட்டை. ரெண்டு கையாலயும் மணலை வாரி வாரிப் பின்னால தள்ளறேன். தலைமாட்டில் ஒரு பொண்ணு நின்னுட்டு, "இழு பாட்டிம்மா, அலை வருது, இன்னும் இழு"ன்னு கத்தறா.

அலை எங்கே வருது? அது அம்பதடி அக்கட்டால அது பாட்டுக்கு இருக்குது.

என் பேத்தி தாரணி வயித்தைப் பிடிச்சிட்டுச் சிரிக்கிறா. போனில் படம் பிடிக்கப் போன ஒருத்தனை மட்டும் ஒரு முறை முறைச்சா. அந்த மட்டுக்கும் வளத்திருக்கோம்.

நல்லா சிரிங்க. நானும் அப்பச் சிரிச்சிட்டுத்தான் இருந்தேன்.

நீலச் சட்டை வந்த வழி

எங்க பனியன் யூனிட் திருப்பூர் வேலம்பாளையத்தில் இருக்குது. மூத்தவன் செந்தில் நடத்தறான். தாரணி அவன் மக. துணி டிசைன் படிக்கிறா. படிக்கிற நேரம் போக மிச்ச நேரமெல்லாம் போன்தான். அந்தப் போனில்தான் ரேவதின்னு ஒரு பொண்ணைப் பிடிச்சா. கடலில் பலகை மேல ஏறி நின்னு அலையில் வழுக்கிட்டு வரச் சொல்லித் தர்ற பள்ளிக்கூடம் நடத்தறாளாம் அந்தப் பொண்ணு. பேப்பரில் அலைச்சறுக்குன்னு போடறாங்க. அங்க ஒருத்தரும் அப்படிச் சொல்லிக் கேக்கலை, சர்ஃபிங்னுதான்.

வர்ற பிள்ளைகளுக்கெல்லாம் ஒரே மாதிரி முழுக்கை லைக்ரா சட்டை வேணும்னு கேட்டிருந்தா.

"தண்ணிக்குள்ள போறதுக்கு எதுக்கு கண்ணு முழுக்கை?"ன்னு தாரணிகிட்டக் கேட்டேன்.

"வெயிலுக்கு அப்பாயி. அப்புறம் பலகை மேலயே படுத்துக் கிடப்பாங்க, நெஞ்சு ஒரஞ்சு புண்ணாயிரும். அதுக்கும்."

"பலகையில எதுக்குப் படுக்கோணும்? நிக்கறதுதானே வேலை?"

"நிக்கறது சித்த நேரந்தான். படுத்துக் கையால தண்ணிய இழுத்து இழுத்துப் போறதுதான் வேலையே."

இதை அவ சொன்னா, நானும் கேட்டேன். கேட்டது காதில் நின்னுதே ஒழிய மண்டைக்குள்ள போகலை.

தைக்க உக்காந்தவ சகாயம். தூத்துக்குடிப் பக்கம் கடக்கரை ஊர்க்காரி. கல்யாணமாகி வந்து பதினஞ்சு வருஷமா எங்ககிட்டத்தான் இருக்கா. ஃப்ளாட்லாக் மிஷின் அவளோடது. சாதாரண பனியனில் தையல் உள்பக்கம் வரப்பாட்டத் தூக்கிட்டு நிக்கும். ஃப்ளாட்லாக் போட்டா ரெண்டு துணியும் ஒண்ணாப் படிஞ்சு மட்டமா இருக்கும். லைக்ராவில் அது லேசில் வராது. துணி இழுத்த இழுப்புக்கு ஓடும். சகாயம் கைக்கு மட்டும் பூனைக்குட்டியாட்ட அடங்கும்.

அவ தைப்பா, நான் செக் பண்ணுவேன். அப்படித்தான் பதினஞ்சு வருஷமும் ஓடுச்சு.

கட்டைவிரல் பெருமை

இந்த எடத்தில் என்னைப் பத்தி நானே கொஞ்சம் பீத்திக்கோணும், பொறுத்துக்குங்க.

எழுத்து எனக்குப் பள்ளிக்கூடத்தில் வரலை. சைஸ் லேபிளில் இருந்து வந்தது. எஸ், எம், எல். எக்ஸெல் வந்தப்ப எனக்குப் பெருமை தாங்கலை, ரெண்டெழுத்து படிச்சிட்டேன்னு. தமிழ் எழுத்து அதுக்கும் பின்னாலதான். கடைசிப் பிள்ளைக்கு ஆனா ஆவன்னா எழுதப் பழக்கறப்ப கூடவே உக்காந்து கத்துக்கிட்டேன். அவன் என்னை முந்திட்டான். இந்தப் பத்திரிகைக்கு எழுதறதையும் நானேதான் எழுதறேன். ஒரு பக்கத்துக்கு ஒரு பொழுது ஆகுது. ஒத்தெழுத்தெல்லாம் தாரணி பாத்துப் போட்டுக்குவா.

ஆனா செக்கிங் டேபிளில் எனக்குப் படிப்பு தேவைப்பட்டதே இல்லை. துணியை உள்பக்கம் திருப்பி, தையல் மேல கட்டைவிரலை ஓட்டினா எங்க ஊசி குதிச்சிருக்கு, எங்க நூலு தொங்குதுன்னு விரலே சொல்லிரும். கண்ணு அந்தப் பக்கம் பாத்துட்டு ஊர்க்கதை பேசிட்டு இருக்கும்.

நான் எளவயசுல இருந்தப்ப ஒரு கம்பெனியில் வேலை. ஒருக்கா ஒரு லாட் பூராவும் திரும்பி வந்துருச்சு. எல்லாத்திலும் அக்குள் பிரிஞ்சிருந்தது. முதலாளி ஒரு பனியனை எடுத்து, அந்த ஓட்டைக்குள்ள கையை விட்டு, அந்தப் பக்கம் விரலை ஆட்டிக் காட்டினார். என்னைப் பாத்து டாட்டா காட்டறாப்பல. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். ஊட்டுக்கு வந்து சோறு எறங்கலை.

அன்னைக்கு இருந்து எனக்கு ஒரு வழக்கம். அக்குளில் நாலு தையலும் வந்து கூடற எடத்தில், நெருக்கமா ஒரு முடிச்சுத் தையல் போட வெச்சிருவேன். ஒரு நெல்லு மணி அளவுதான் இருக்கும். ஆர்டர் ஷீட்டில் கேட்டிருந்தாலும் சரி, கேக்காட்டியும் சரி. தைக்கிறவங்க காதோரம் போய், "அந்த முடிச்சப் போட்டுரு கண்ணு"ன்னு சொல்லிட்டு வந்துருவேன். யானை கட்டி இழுத்தாலும் அந்த எடம் பிரியாது.

பாத்துக்குங்க. அதுக்கப்புறம் நான் பாஸ் போட்ட பீஸ் ஒண்ணுகூட அக்குள் பிரிஞ்சு வந்ததில்லை.

நீலச் சட்டைக்கும் சகாயத்துகிட்டப் போனேன்.

"ஆச்சி, இதுக்கு அது வேண்டாம்"னா அவ. அவங்க ஊர்ப் பக்கம் பெரியவங்களை ஆச்சின்னுதான் கூப்பிடுவாங்க.

"ஏன் வேண்டாம்?"

"எங்கப்பா துடுப்புப் போட்டுட்டு வருவாரு. சட்டையில சின்னதா ஒரு மடிப்பு கெடந்தாலும் அக்குள் அறுத்து ரத்தம் வந்துரும். உப்புத் தண்ணி வேற. இவங்களும் கையத்தான் துடுப்பாப் போடுதாங்க. கட்டியா ஒண்ணும் இருக்கக் கூடாது ஆச்சி."

நான் என்ன சொன்னேன்னு இப்ப எழுதறதுக்கே கை கூசுது. "தைக்கிறவ நீ, பாக்கறவ நான்"னேன்.

அவ முடிச்சைப் போட்டா.

பார்சல்

சட்டை போன சுருக்கில் திரும்பி வந்துருச்சு. செந்தில் என் டேபிளில் கொண்டாந்து கொட்டினான்.

"அக்குள்ல அறுக்குதாம்மா. அரை மணி நேரம்கூடப் போட முடியலையாம்."

நான் ஒண்ணை எடுத்துத் திருப்பி விரலை ஓட்டினேன். எங்கேயும் பிரியலை, எங்கேயும் ஊசி குதிக்கலை. முடிச்சு மேலயும் விரல் போச்சு. ஆனா அது என் விரலுக்கு அத்தனை வருஷப் பழக்கம். ஊட்டுப்படி தடுக்கறதில்லையே, அது மாதிரி.

"தையல் இறுக்கமா இருக்கும்"னேன்.

"சகாயம் தச்சதா?"

"வேற யாரு தச்சா?"

இந்த ரெண்டு பேச்சுத்தான். மறுநாள் ஃப்ளாட்லாக்கில் ஒடிசாக்காரத் தம்பி ஒருத்தன் உக்காந்திருந்தான். சகாயம் கடைசி டேபிளில் கையில் சின்னக் கத்திரியோட நின்னுட்டு இருந்தா. பிசிறு வெட்டற வேலை. புதுசா வர்றவங்களுக்குத் தர்ற வேலை அது. நான் அந்தப் பக்கம் போனப்ப தலை நிமுந்து ஒரு பார்வை பாத்தா. கோவப் பார்வைன்னா நானும் பதிலுக்குப் பாத்திருப்பேன். அது கோவமில்லை. திருப்பிப் பாக்கத் தெரியாம நான் டீ குடிக்கப் போயிட்டேன்.

ரேவதி போன் பண்ணி, அடுத்த லாட் தைக்கறதுக்கு முன்னால யாராச்சும் ஒருத்தர் வந்து பாத்துட்டுப் போங்கன்னு கேட்டா. செந்திலுக்கு நேரமில்லை. தாரணி குதிச்சா. நானும் கூடப் போறேன்னேன். எதுக்குன்னா, நான் சொன்னது சரிதான்னு நேரில் பாத்துட்டு வர்றதுக்கு.

தட்டாட்டக் கடல்

அங்க போய்ப் பாத்தா, கடல் தட்டாட்டக் கிடக்குது. சோறு போட்டுச் சாப்பிடலாம்.

"அலை எங்க கண்ணு?"ன்னு ரேவதிகிட்டக் கேட்டேன்.

ரேவதி அந்த ஊரிலேயே பொறந்தவ. அவங்கப்பா மீன் பிடிக்கிறவர். ஒல்லியா, கருகருன்னு, தலைமுடி நுனி மட்டும் வெயிலில் செம்பட்டையாப் போயிருந்தது. எங்க ஊரில் கைக்குழந்தையைக்கூட வாங்க போங்கன்னு சொல்லுவோம். இந்தப் புள்ள வாயில் ‘ங்க’ங்கறது எண்ணிப் பாத்தா நாலு தடவைதான் வந்திருக்கும். ஆனா நான் உக்கார்றதுக்கு முந்தி அவ உக்காந்ததில்லை.

"இன்னைக்கு இல்ல பாட்டிம்மா"ன்னா.

"அப்ப எப்ப?"

"போன்ல பாத்தா வியாழக்கிழமைன்னு காட்டுது. எங்கப்பா புதன்கிழமையே வந்துரும்றாரு."

"நீ யாரு சொல்றத நம்புவ?"

"வந்ததுக்கப்புறம் சொல்றேன்."

திருப்பூரில் இப்படி ஒரு பதில் சொன்னா ஷிப்மெண்ட் போகுமாங்க? ஆனா அங்க எல்லாரும் அப்படித்தான். பலகையை வரிசையா ஓலைக் கொட்டகையில் சாத்தி வெச்சிட்டு, கடலைப் பாத்துட்டு உக்காந்திருக்காங்க. பெங்களூரில் இருந்து வந்த ஒரு தம்பி மடியில் கம்ப்யூட்டரை வெச்சுக்கிட்டு ஆபீஸ் மீட்டிங் பேசறான், கண்ணு மட்டும் தண்ணி மேல. எங்க ஊரில் கரண்ட் போனாத்தான் இப்படி உக்காருவோம். இவங்க ஊரில் எப்பவுமே கரண்ட் போயிருக்குது.

அந்த உக்காந்த நேரத்தில் ரேவதி சொன்னது கொஞ்சம் மண்டையில் ஏறுச்சு. அலை இங்க உண்டாகறதில்லையாம். எங்கேயோ கண்காணாத தூரத்தில் புயலடிச்சா, அந்த ஆட்டம் நாள் கணக்கில் நடந்து இங்க வந்து சேருமாம். தனித்தனியா வராது, நாலஞ்சு கூட்டமா வரும். அப்புறம் சித்த நேரம் ஓய்வு. அது செட்டு. அடியில் மணல் எங்க மேடு கட்டியிருக்கோ அங்கதான் அலை நிமுந்து உடையும். மழைக்காலத்துக்கு ஒரு மேடு, வெயில்காலத்துக்கு ஒரு மேடு. போன மாசம் நின்ன எடத்தில் இந்த மாசம் நிக்க முடியாது.

காத்துத்தான் எல்லாத்துக்கும் மேல. விடியக்காலம் கரையில் இருந்து கடலுக்கு வீசும். அது எதுத்தாப்பல நின்னு அலையைத் தாங்கிப் பிடிக்கும். அப்ப வர்ற அலை அயர்ன் பண்ணின துணியாட்ட வழவழன்னு இருக்கும். பொழுது ஏற ஏறக் காத்து திரும்பிக்கும். அப்புறம் பாத்தா ஓவர்லாக் தையல் பிரிஞ்ச பனியனாட்டக் கடல் பூரா ஒரே பிசிறு. அப்ப ஒருத்தரும் எறங்க மாட்டாங்க, இட்லி சாப்பிடப் போயிருவாங்க.

புதன்கிழமை காலையில் அலை வந்துருச்சு. ரேவதியோட அப்பா கொட்டகைக்கு முன்னால ரெண்டு தடவை சும்மா நடந்துட்டுப் போனார். அவ்வளவுதான்.

அலைக்கு ஒருத்தர்

எறங்கறதுக்கு முன்னால பலகைக்கு மெழுகு தேய்க்கறாங்க. தேங்காய் வாசம். எங்க ஊட்டுக்காரர் இருந்தவரைக்கும் நிட்டிங் மிஷின் ஓட்டினவர். அங்க நூலு வழுக்கிட்டு ஓடறதுக்கு மெழுகு வைப்பாங்க. இவங்க கால் வழுக்காம இருக்கறதுக்கு மெழுகு வைக்கறாங்க. ஒரே மெழுகு, ரெண்டு புத்தி.

அப்புறம் கயிறு. பலகைக்கும் கணுக்காலுக்கும் சேத்துக் கட்டிக்கறாங்க. மேய்ச்சலுக்கு விட்ட ஆட்டைக் கட்டறாப்பல. விழுந்தா பலகை ஓடிப்போயிரக் கூடாதாம். "ஆடு நீயா பலகையா?"ன்னு அந்த பெங்களூர்த் தம்பிகிட்டக் கேட்டேன். அவன் ரொம்ப யோசிச்சு, "நான்தான் பாட்டி"ன்னான். நல்ல பையன்.

எனக்குப் பிடிச்சது அவங்க வெச்சிருக்கற கட்டுப்பாடு. ஒரு அலைக்கு ஒருத்தர்தான். அலை எந்தப் பக்கம் உடைய ஆரம்பிக்குதோ, அதுக்குக் கிட்ட இருக்கறவங்களுக்கு அந்த அலை. மத்தவங்க கையை எடுத்துக்கோணும். குறுக்க ஏறினா அதுமாதிரி அவமரியாதை இல்லை. காவலுக்கு ஆள் கிடையாது, சீட்டி கிடையாது, ஆனாலும் கேக்கறாங்க. தாரணிகிட்டச் சொன்னேன், "இவங்கள நம்ம பஸ்ஸ்டேண்டுக்கு ஒரு வாரம் அனுப்பி வெக்கலாமா?"ன்னு. "ஒரு வாரம் கழிச்சு இவங்களும் ஜன்னல் வழியா துண்டு போடுவாங்க அப்பாயி"ன்னா.

அன்னைக்கு ரேவதி திரும்பி வந்த சட்டையில் ஒண்ணைப் போட்டுட்டுத்தான் எறங்கினா. படுத்து, கையால இழுத்து இழுத்து, உடையற அலைக்கெல்லாம் அடியில் முங்கி, தூரமாப் போய் உக்காந்துக்கிட்டா. நான் கரையில் உக்காந்து அவ கையையே பாத்துட்டு இருந்தேன். தாரணி சொன்னது அப்பத்தான் புரிஞ்சுது. எழுந்து நிக்கறது கண்ணு சிமிட்டற நேரம். மிச்சமெல்லாம் இழுப்புத்தான்.

வந்தா. கையைத் தூக்கிக் காட்டினா. அக்குள் ரெண்டும் செக்கச் செவேல்னு இருந்தது.

"உப்புத் தண்ணி பட்டா செவக்கத்தான் செய்யும்"னேன்.

"அப்ப இவளுக்கு?"ன்னு பக்கத்தில் இருந்த ஒரு பொண்ணு கையைத் தூக்கிக் காட்டினா. அது வேற எங்கேயோ வாங்கின சட்டை. தோல் தோலாத்தான் இருந்தது.

"அவளுக்கு ஒடம்பு வாகு."

ரேவதி இடுப்பில் கையை வெச்சுக்கிட்டு என்னைப் பாத்தா. "பாட்டிம்மா, நீ தரையில நின்னுட்டே பேசற. படுத்துப் பாரு."

"எங்க?"

"தண்ணிக்குள்ள வேணாம். மொத நாளு எல்லாரையும் மணல்லதான் படுக்க வைப்போம். வா."

வேண்டாம்னு சொல்லியிருக்கலாம். ஆனா அத்தனை பேரும் பாக்கறாங்க. நான் பாஸ் போட்ட சட்டையை நானே போடப் பயந்தா என்ன மரியாதை? "கொண்டா அந்தச் சட்டைய"ன்னேன்.

மணலில்

முதல் பத்து இழுப்பு சுகமா இருந்தது. கோடைக்குக் களத்து மேட்டில் படுத்தாப்பல. இருபதில் மூச்சு வாங்குச்சு. "போதும் அப்பாயி"ன்னா தாரணி. நான் விடலை. முப்பதுக்கு மேல ஒரு கடி. எறும்புன்னு நினைச்சேன். அடுத்த இழுப்புக்கும் அதே எடத்தில் அதே கடி. ரெண்டு பக்கமும்.

எறும்பு ரெண்டு அக்குளிலும் ஒரே எடமாப் பாத்துக் கடிக்காதுங்க.

கையை நிறுத்திட்டு, இடது கையால வலது அக்குளைத் தொட்டுப் பாத்தேன். தையல் அழகா, மட்டமா, தோலோட தோலாப் படிஞ்சிருந்தது. ஒரு இறுக்கமும் இல்லை. சகாயம் கைக்கு அடங்கின தையல். அதுக்கு நட்ட நடுவில், நெல்லு மணியாட்ட, என் முடிச்சு.

கட்டியா ஒண்ணும் இருக்கக் கூடாதுன்னு அவ சொன்னா. அவங்கப்பா அக்குளில் ரத்தம் வரும்னு சொன்னா. காரணத்தோட சொன்னா.

"எந்திரிங்க அப்பாயி. எந்திரிக்க முடியலையா?"

"முடியுது. சித்த இருக்கறேன்."

முகத்தைப் பலகை மேல வெச்சுக்கிட்டேன். தேங்காய் வாசம் அடிச்சுது. கிழவி களைச்சுப் போயிட்டான்னு நினைச்சு எல்லாரும் கை தட்டினாங்க. பெங்களூர்த் தம்பி ஓடிப் போய் எளநி வாங்கிட்டு வந்தான்.

ரேவதிகிட்ட, "அந்த முடிச்சுத்தான் அறுக்குது. எடுத்துர்றோம்"னு சொன்னேன். யாரு போட்ட முடிச்சுன்னு அவளும் கேக்கலை, நானும் சொல்லலை.

கைதட்டு

ஊருக்கு வந்ததும் செந்தில்கிட்ட அதையே சொன்னேன். "தண்ணிக்கு அந்த முடிச்சு சேராது, எடுத்துரு."

அவன் ஆர்டர் ஷீட்டைப் புரட்டினான். "இதுல முடிச்சே போடச் சொல்லலையேம்மா. சகாயம் பழக்கத்துல போட்டுட்டாளா?"

எனக்கு முன்னால தண்ணிப் பாட்டில் இருந்தது. எடுத்துக் குடிச்சேன். குடிச்சு முடிக்கிறதுக்குள்ள அவனுக்குப் போன் வந்துருச்சு.

அவ்வளவுதான். வேற ஒரு பொய்யும் நான் சொல்லலை. ஒரு பாட்டில் தண்ணி குடிச்சேன்.

முடிச்சில்லாத சட்டை போச்சு. ரேவதி வீடியோ அனுப்பினா. நீலச் சட்டை போட்ட பிள்ளைகள் அலை மேல நிக்கறதும் விழுகறதுமா. கடைசியில் அவளே போனுக்கு முன்னால வந்து ரெண்டு கையையும் தூக்கிக் காட்டி, "சூப்பர் பாட்டிம்மா!"ன்னு கத்தினா. தாரணி அதை யூனிட்டில் எல்லாருக்கும் காட்டினா. செந்தில், "எங்கம்மா இந்த வயசுல நேர்ல போய்ப் படுத்துப் பாத்துக் கண்டுபிடிச்சாங்க"ன்னான். மிஷினை நிறுத்திட்டு எல்லாரும் கை தட்டினாங்க.

கடைசி டேபிளில் சகாயமும் தட்டினா. கத்திரியைக் கீழ வெச்சிட்டு.

கத்திரிப் பேச்சு

அதுக்கப்புறம் ஒரு வாரம் நான் அந்த டேபிள் பக்கமே போகலை. போன வாரம் மத்தியானம் சாப்பாட்டுக்கு எல்லாரும் வெளியே போயிருந்தப்பப் போனேன். அவ மட்டும் வெட்டிட்டு இருந்தா. நான் பக்கத்தில் போய் ஒரு பனியனை எடுக்கறேன், வைக்கறேன், எடுக்கறேன்.

"என்ன ஆச்சி, பிசிறு விட்டுட்டேனா?"

"இல்ல கண்ணு."

"பின்ன என்னத்துக்கு இங்கயே நிக்கிய?"

"அந்த முடிச்சு..."

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"கடலுக்குப் போயிட்டு வந்ததுல இருந்து என் மூஞ்சியப் பாத்துப் பேசவே இல்ல. என் காதப் பாத்துல்லா பேசுதிய. கம்மல் நல்லாருக்கோ?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்குச்சு. "அன்னைக்கே செந்தில்கிட்டச் சொல்லியிருக்கலாமில்ல நீ?"

"நான் சொன்னா அது கோள். நீங்க சொன்னாத்தான் அது நெசம். ரெண்டும் ஒண்ணா ஆச்சி?"

"நான் சொல்லாமயே போயிருந்தா?"

"எத்தன நாளு எடுத்துக்கிடுதியன்னு பாத்துட்டுல்லா இருக்கேன்." ஒரு பனியனை உதறி மடிச்சா. அப்புறம் குரல் கொஞ்சம் எறங்குச்சு. "பிசிறு வெட்டுதது ஒண்ணும் கேவலமில்ல ஆச்சி. பள்ளிக்கூட லீவுன்னு எம் மவ வந்தா. ‘உன் மிஷின் எதும்மா’ன்னு கேட்டா. அதுக்குத்தான் பதில் வரல."

நான் என் டேபிளுக்கு வந்துட்டேன். அன்னைக்கு ராத்திரியே செந்தில்கிட்டச் சொல்லி முடிச்சிருக்கலாம். ஊட்டுக்குள்ள, அம்மாவும் மகனுமா. அவனும், "சரி விடும்மா, நாளைக்கு மிஷின்ல உக்கார வெச்சர்றேன்"னு முடிச்சிருப்பான். அவளுக்கு மிஷின் கிடைச்சிரும். என் பேரும் கெடாது.

அதுதான் எனக்கு ஒப்பலை. அவளைத் தப்பா நினைச்சது ஒரு ஊடு இல்லை, ஒரு யூனிட்டே. அதோட, நான் இந்தப் பத்திரிகையில் முன்னால ஒரு வாரம், என் கையில் பாஸான பீஸ் ஒண்ணும் குறையோட திரும்பினதில்லைன்னு பெருமையா எழுதியிருக்கேன். எங்க முக்குக் கடைக்காரர் அதைக் கத்தரிச்சு டீ பாய்லருக்கு மேல ஒட்டி வெச்சிருக்கார். பெருமையை ஊருக்கெல்லாம் சொல்லிட்டு, தப்பை மட்டும் சமையக்கட்டில் சொல்றது என்ன நியாயம்?

அதனால இங்கயே எழுதறேன். நீலச் சட்டையில் சகாயத்தோட தையலில் ஒரு குறையும் இல்லை. அறுத்தது முடிச்சு. போடச் சொன்னது நான். வேண்டாம்னு அவ காரணத்தோட சொன்னா, நான் வாயை அடைச்சேன். மகன் கேட்டப்பத் தண்ணி குடிச்சேன். அவளுக்கு வர வேண்டிய கைதட்டை நான் வாங்கிக்கிட்டேன்.

எழுதி முடிச்சு நோட்டை இப்பத்தான் தாரணி கையில் குடுத்தேன். முதல் பக்கத்தைப் பாத்து, மணலில் படுத்த எடத்தில் சிரிச்சிட்டு இருக்கா. பின்னால இருக்கறது அவளுக்கு இன்னும் தெரியாது. "அப்பாயி, படிச்சுக் காட்டறேன், தப்பிருந்தாச் சொல்லுங்க"ன்னு வந்து உக்காந்தா.

இங்க வேண்டாம் கண்ணு. எந்திரி. நோட்டை எடுத்துட்டு யூனிட்டுக்கு வா. டீக்கு மிஷின் நிறுத்தற நேரந்தான். உங்கப்பனை முன்னால வந்து நிக்கச் சொல்லு. கடைசி டேபிள் வரைக்கும் கேக்கோணும், சத்தமாப் படி. சிரிக்கிற எடத்தை வேணும்னா வேகமாப் படிச்சுக்கோ. சகாயம் பேரு வர்ற எடத்தில் மட்டும் நிறுத்தி, நிதானமாப் படி.